அவசரப்படாத கிருமி

இட்லி மாவை இரவில் கரைத்து வைத்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் அது பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்பதற்குக் காரணமான நுண்ணுயிர்கள் அந்த ஓர் இரவுக்குள்ளேயே பல தலைமுறைகளைக் கண்டுவிடுகின்றன. நம் குடலில் வாசம் செய்யும் சில பாக்டீரியாக்களோ, சூழ்நிலை சாதகமாக வாய்த்தால், இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகப் பிளந்து பெருக வல்லவை. இவற்றின் நடுவே வைத்துப் பார்த்தால், க்ஷயரோகத்தை உண்டாக்கும் கிருமியைச் சுத்தச் சோம்பேறி என்றுதான் சொல்ல வேண்டும்; அது ஒரு தடவை பிளவுபடுவதற்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் பிடிக்கிறது. காலரா ஒரு தேகத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். இதுவோ மாதக்கணக்கில், பல சமயம் வருஷக்கணக்கில், தான் உள்ளே இருப்பதையே தெரிவிக்காமல் காத்திருக்கும். ஆயினும், உலகில் இன்றும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் அதிகமான உயிர்களை மாய்த்துவருவது இந்தச் சோம்பேறியே என்பதும், அதனால் நோயுறுவோரில் நாலில் ஒருவருக்கு மேல் நம் தேசத்தவர் என்பதும், அந்த மந்தகதியைப் பற்றிச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியதன் அவசியத்தைக் காட்டுகின்றன.

இந்தக் கிருமி 2 முதல் 4 மைக்ரான் நீளமுள்ள ஒரு மெல்லிய கோல். அதாவது முந்நூறு நானூறு கிருமிகளை முனைக்கு முனை சேர்த்து நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டரைத்தான் எட்டும். இதன் விசேஷம் அளவில் இல்லை, மேலுறையில் இருக்கிறது. மெழுகைப் போன்ற ஒருவகைக் கொழுப்பினால் ஆன கனத்த உறை ஒன்று இதைப் போர்த்தியிருப்பதால், உணவு உள்ளே செல்வதும் மெதுவாகவே நிகழ்கிறது. மற்றப் பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் பலவும் அந்த உறையைத் தாண்ட மாட்டாமல் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. சாயங்கூட எளிதில் ஏறுவதில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் கிருமிக்குச் சாயமேற்றியாக வேண்டும் என்ற நிலையில், சாயம் ஏறாத ஒரு கிருமியை எங்ஙனம் காண்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இந்த நோய் தொற்று என்பாரும், பரம்பரைத் தோஷம் என்பாரும், தேகவாகு என்பாரும் தத்தம் அபிப்பிராயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வில்மன் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்ற நுரையீரலின் துணுக்குகளை முயல்களின் உடம்பில் செலுத்தி, நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதை 1860களிலேயே காட்டியிருந்தும், கண்ணால் காணாத குற்றவாளியின்மேல் குற்றம் சாட்டுவதற்குப் பலர் தயங்கினார்கள்.

குற்றவாளியைக் கண்ணுக்குக் காட்டியவர் ராபர்ட் கோக். சாதாரண ஜில்லா வைத்தியராகத் தொழில் தொடங்கி, ஆந்த்ராக்ஸ் கிருமியை ஆராய்ந்து புகழ்பெற்றுப் பெர்லினுக்கு அழைக்கப்பட்ட அவர், சாயத்தில் காரத்தைக் கலந்து, ஆராயவேண்டிய தசைத் துணுக்கை நாள் முழுவதும் அதில் ஊறவைத்துப் பார்த்தபோது, பழுப்பு நிறப் பின்னணியில் நீலக் கோல்கள் தென்பட்டன. பார்த்தது போதாது, அதைத் தனியே பிரித்து வளர்த்து, வளர்ந்ததை நல்ல தேகமுள்ள பிராணிக்குச் செலுத்தி, அதே நோயை வரவழைத்துக் காட்டினாலொழிய நிரூபணம் ஆகாது என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட நியமம். உறைந்த ரத்தநீரைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து அதன்மேல் கிருமியை விதைத்தார். மற்றக் கிருமிகளானால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். ஒரு வாரம் கடந்தும் குழாயில் ஒன்றும் காணாவிட்டால், பரிசோதனை பழுது என்று கழுவிக் கவிழ்த்துவிடுவது எவருக்கும் இயல்பு. கோக் கழுவவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் சிறு செதில்கள் போன்ற வளர்ச்சி கண்ணில் பட்டது. நுண்ணோக்கியையும் சாயத்தையும் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என் நோக்கில், அந்தக் குழாய்களைக் கவிழ்க்காமல் வைத்திருந்த பொறுமையே அவருடைய பெரிய கருவி.

1882 மார்ச் 24-ந் தேதி மாலை, பெர்லின் உடலியல் சங்கத்தின் கூட்டத்தில் கோக் தம் முடிவுகளை வாசித்தார். மனிதரில் ஏழில் ஒருவர் இந்த நோயால் இறக்கிறார் என்று அவர் அன்று கூறியது அக்காலத்து ஐரோப்பாவின் நிலையை ஒருவாறு காட்டும். அவையில் இருந்த பால் எர்லிக் என்ற இளைஞர், அந்தச் சாய முறையைச் சீக்கிரமே திருத்தி, ஒருமுறை சாயம் ஏறிவிட்டால் இந்தக் கிருமி அமிலத்தில் கழுவினாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்ற உண்மையைக் கண்டுபிடித்தார். ஸீல், நீல்ஸன் என்ற இருவர் அதை மேலும் செப்பனிட்டார்கள். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடேற்றி, அமிலத்தால் கழுவி, நீலத்தை ஊற்றினால், மற்றவையெல்லாம் நீலமாக, நடுவே இது ஒன்று மட்டும் சிவந்து நிற்கும். நூறு வருஷத்துக்கும் மேலாக, நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் பின்கட்டுப் பரிசோதனைச் சாலைகளில் எத்தனையோ பேருடைய தலைவிதியைச் சொன்னது அந்தச் சிவப்புக் கோல்தான். மூலக்கூற்றுப் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லும் இக்காலத்திலும் அந்தச் சாயக்குப்பிகள் முற்றிலும் ஓய்வு பெற்றுவிடவில்லை.

நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய திவலைகளில் பெரியவை தரையில் விழுந்துவிடுகின்றன. மிகச் சிறியவை உலர்ந்து, காற்றில் நெடுநேரம் மிதந்து, அருகில் இருப்பவருடைய சுவாசத்தோடு நுரையீரலின் கடைசி அறைவரை சென்று சேர்கின்றன. அங்கே அந்நியரை விழுங்கிச் செரிப்பதற்கென்றே நம் சரீரம் நிறுத்தியிருக்கும் காவல் அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் செரிப்பதில்லை. செரிக்கும் ரசங்கள் தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துக்கொள்ளும் வித்தை அந்தக் கிருமிக்குத் தெரியும். ஆகையால் தன்னைக் கொல்ல வந்தவனுடைய வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. வேறு வழியில்லாத சரீரம், மேலும் மேலும் அணுக்களை அனுப்பி, அந்த இடத்தைச் சுற்றி வளைத்துச் சிறு முடிச்சாகக் கட்டிவைக்கிறது. பெரும்பாலோரிடம் கதை இத்துடன் நின்றுவிடுகிறது. உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடமே அது ஆயுளில் என்றாவது ஒருநாள் நோயாக வெளிப்படுகிறது. பசி, நீரிழிவு, எச்.ஐ.வி., புகைப் பழக்கம், முதுமை என்று ஏதோ ஒன்று காவலைத் தளர்த்தும்போது முடிச்சு உடைந்து, நுரையீரலில் பொந்து விழுந்து, கிருமி இருமலின் வழியாகப் புறப்பட்டுவிடுகிறது.

நோயாளிக்கென்று தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கி, அவர் தொட்ட துணியைக் கோலால் தள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. தட்டினாலும் துணியாலும் இது பரவுவதில்லை. சன்னலை மூடிவைத்த அறைதான் ஆபத்து. வெயிலுக்கும் வீசும் காற்றுக்கும் இந்தக் கிருமி ஈடுகொடுக்காது. தம்ளரைப் பிரித்து வைப்பவர்கள் பலரும் சன்னலைத் திறப்பதில்லை என்பதுதான் விசித்திரம்.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், காற்றும் வெயிலும் ஓய்வும் புஷ்டியான ஆகாரமும் சேர்ந்ததே சிகிச்சை என்ற கொள்கையின்மேல் சானடோரியங்கள் எழுந்தன. ஸைலீஷிய மலைப்பகுதியில் பிரேமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1850களில் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, ஸ்விட்ஸர்லாந்து, அமெரிக்கா என்று பரவி, மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ஆரோக்கியவரத்துக்கும் வந்து சேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் 1928-ல் அத்தகைய ஒன்றை நிறுவிய டாக்டர் சௌரிமுத்து, அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின்மேல் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அந்நாட்டில் நோயுற்றபோது அவரிடம் சிகிச்சைக்காகச் சில காலம் தங்கியிருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது க்ஷயம்தானா என்பதைப் பிற்கால வைத்தியர்கள் சந்தேகிக்கிறார்கள்.) 1937-ல் சர்க்கார் ஏற்று நடத்தத் தொடங்கிய தாம்பரம் ஆஸ்பத்திரியின் பெயரை, மின்சார ரயிலில் போகும் எவரும் ஸ்டேஷன் பலகையில் இன்றும் படிக்கலாம். நோயின் பெயரை உச்சரிக்கவே அஞ்சிய ஒரு சமூகத்தில், அதற்கான ஆஸ்பத்திரியின் பெயர் ஒரு பேட்டைக்கே பெயராகி, வீட்டு வாடகை விளம்பரங்களில் சகஜமாக அச்சேறுவதைப் பார்க்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சானடோரியத்தில் இடம் கிடைத்தவர்கள் சிலர். அங்கிருந்து குணமடைந்து மீண்டவர்கள் அவர்களுள்ளும் சிலரே. சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் புனாவுக்குச் சென்ற எழுத்தாளர் புதுமைப்பித்தன் க்ஷயத்தோடு திரும்பி, 1948-ல், நாற்பத்திரண்டே வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். அதே 1948-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய ஔஷதத்தை முறையாகச் சோதித்து முடிவு வெளியிட்டது என்பதை நினைக்கும்போது, இலக்கியத்தில் பற்றுள்ளவருக்கு ஒரு பெருமூச்சு வராமல் போகாது. அந்தப் பெருமூச்சும் ஓரளவுக்கு வீண்தான். ஏனெனில் அந்த மருந்து தனித்து நின்று செய்ததும் சொற்பமே.

அந்தக் கதை இது: 1943-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், வாக்ஸ்மன் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு ஆசிரியருக்குப் போயிற்று. மாணவர் தம் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போனார். பிரிட்டனில் 107 நோயாளிகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், மறு பகுதிக்கு ஓய்வு மட்டும் அளித்ததில், ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அதற்குள்ளேயே அவர்களில் பெரும்பாலோரின் கிருமிகள் அந்த மருந்துக்கு அஞ்சாதவையாக மாறியும் இருந்தன. சில வருஷங்களில் இரு சாராருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

ஏன் இப்படி என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது. நுரையீரலில் விழுந்த ஒரு பொந்துக்குள் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம் தற்செயலாகவே ஒரு மருந்துக்கு அடங்காததாகப் பிறந்திருந்தாலும், நூறு கிருமிகள் தப்பிப்பிழைத்து, மற்றவை மாண்ட வெற்றிடத்தில் தம் சந்ததியை நிரப்பிவிடும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி இருப்பது பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கி வரும் தொகையில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அவ்வளவு கிருமிகள் ஓர் உடம்பில் கிடையா. ஸ்வீடனிலிருந்து வந்த பி.ஏ.எஸ்., 1952-ல் வழக்கத்துக்கு வந்த ஐசோநயாசிட் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாயினர். க்ஷயம் முதன்முதலாகக் குணப்படுத்தக்கூடிய வியாதியாயிற்று. இவற்றில் ஐசோநயாசிட் மலிவானது; இரண்டும் வாயால் விழுங்கக்கூடியவை. இந்தியாவைப் போன்ற தேசத்துக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் வேறென்ன?

ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. மருந்து இருந்தாலும் சானடோரியத்தின் ஓய்வும் ஊட்டமும் இன்றியமையாதவை என்பது அக்காலத்து வைத்தியர்களின் திடமான நம்பிக்கை. அது மெய்யானால் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு விமோசனமே இல்லை. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி, 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதன் விஞ்ஞானத் தலைவராக வந்தார். 193 நோயாளிகள், நகரத்தின் ஜனநெருக்கம் மிகுந்த ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை வைத்தியரின் இஷ்டமும் நோயாளியின் இஷ்டமும் அல்லாமல் தற்செயலான ஒதுக்கீடே தீர்மானித்தது. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. ஒரு வருஷம் ஐசோநயாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும்.

ஒரு சாரார் காற்றோட்டமான கூடங்களில், நேரம் தவறாமல் பாலும் முட்டையும் மாமிசமும் சேர்ந்த ஆகாரம் உண்டு, ஓய்வெடுத்தார்கள். மற்றொரு சாரார் ஒண்டுக்குடித்தனத்தின் ஒற்றை அறையில், பலர் நடுவே படுத்து, கிடைத்ததை உண்டு, சற்றுத் தெம்பு வந்ததும் வேலைக்கும் போனார்கள். வாரத்துக்கு ஒரு முறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்ல வேண்டும். ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்ப்பதற்குச் சிறுநீரைச் சோதிப்பதும், முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய் மீதி மாத்திரைகளை எண்ணுவதும் உண்டு. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிற மருந்து. அதைப் பட்டினி வயிற்றில் வருஷம் முழுவதும் தின்றவர்களின் மன உறுதியைப் பற்றி ஆராய்ச்சி அறிக்கைகளில் அட்டவணை எதுவும் இல்லை.

1959-ல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடியிருந்தார்கள் என்பது வாஸ்தவம். நோய் தீர்ந்த விஷயத்தில் அந்த எடையால் பெரிய வேற்றுமை விளையவில்லை. இதைவிட எதிர்பாராத முடிவு ஒன்றும் பின்னர் கிட்டியது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பத்தாரையும், சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில், முன்னவர்களுக்கு நோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. நோய் இன்னதென்று தெரியவருவதற்கு முன்பே, பேர் சொல்லாத இருமல் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில், பரவ வேண்டியது பரவிவிடுகிறது. மருந்து உள்ளே சென்றபின் நோயாளி பிறருக்கு அபாயமானவராக நெடுநாள் இருப்பதில்லை. மனைவி மக்களிடமிருந்து பிரித்து மலைக்கும் காட்டுக்கும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு இருந்த நியாயம், சேத்துப்பட்டில் வைத்து அப்படியே தகர்ந்துவிட்டது. பணக்கார தேசங்களும் தம் சானடோரியங்களை மூடத் துணிந்ததற்கு இந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய ஆதாரம். சென்னை உலகுக்கு அளித்தவை என்று சங்கீதத்தையும் நாட்டியத்தையும் சொல்கிறோம். இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அக்காலத்தில் வருஷம் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டியிருந்ததன் காரணமும் கிருமியின் சோம்பலே. மருந்துகளில் பல, பிளவுபட்டுப் பெருகும் கிருமியைத்தான் தாக்க வல்லவை. உறங்கிக்கிடப்பதை அவை தொடுவதில்லை. முதல் சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, பசியெடுத்து, முகத்தில் தெளிவு வந்துவிடுகிறது. உறங்குபவை மிச்சம் இருக்கின்றன என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறார். 1960களில் ரிஃபாம்பிசின் கிடைத்த பிறகுதான், உறங்குபவற்றையும் ஒழிக்க வழி பிறந்து, நான்கு மருந்துகளோடு தொடங்கும் ஆறு மாதச் சிகிச்சை சாத்தியமாயிற்று. அரைகுறையாக நிறுத்தியவர்களிடமும், தவறாக மருந்தெழுதிய வைத்தியர்களிடமும் வளர்ந்து கிளைத்தவையே இன்று பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள். இந்த இரு சாராரில் நோயாளியை மட்டும் ஏசுவது நம் வழக்கம்.

தடுப்பூசியின் கதை இவ்வளவு தெளிவானதல்ல. பி.சி.ஜி. ஊசியை ஊரெல்லாம் போடுவதை ராஜாஜி 1955-ல் பகிரங்கமாக எதிர்த்தபோது, விஞ்ஞானம் அறியாத பழமைவாதம் என்று பலர் எள்ளினார்கள். 1968 முதல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஈடுபடுத்தி நடந்த பெரும் பரிசோதனையில், பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ராஜாஜி சொன்ன காரணங்கள் எல்லாம் சரியாகிவிட்டன என்று இதற்கு அர்த்தமல்ல. குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து அது காக்கிறது. ஆகையால் பிறந்தவுடன் போடப்படுகிறது.

ஆகாரத்தைப் பற்றிய வழக்கு மட்டும் சேத்துப்பட்டில் பாதியிலேயே நின்றிருந்தது. மருந்து தவறாமல் சாப்பிட்டால், உணவு குறைந்தாலும் நோய் தீரும் என்று அங்கே கண்டார்கள். நோய் வருவதையும், வந்தவர் முதல் சில வாரங்களைத் தாண்டிப் பிழைப்பதையும் உணவு எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது வேறு கேள்வி. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் கொடுத்துவந்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கும், தொற்றக்கூடிய நுரையீரல் வகை 48 பங்கும் குறைந்தன. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் என்று தெரிந்த அன்றே, நோயாளியின் எடையும் உயரமும், மூச்சின் வேகமும், ரத்தத்தில் பிராணவாயுவின் அளவும், கால் வீக்கமும், பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதும் பார்க்கப்படுகின்றன. தேறமாட்டார் என்று ஐயப்படத் தக்கவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தோடு ஆகாரமும் ஊட்டுகிறார்கள். எல்லோருக்கும் படுக்கை வேண்டும் என்று முன்பு நினைத்தார்கள். யாருக்கு வேண்டும் என்பதை இப்போது ஓர் எடைக்கருவியும் ஓர் அளவுகோலும் விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியும் கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே சில நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்.